பழகிய வீதியில் விழித்திருத்தல்: ஒக்லாந்தில் நீண்டகாலம் வாகனம் ஓட்டுவோருக்கு

ஒக்லாந்தில் குடும்பம் நடத்தும் எவருக்கும் கார் இல்லாமல் ஒரு வாரத்தை ஒப்பேற்றுவது கடினம். வேலை நகரத்தின் ஒரு மூலையில், பிள்ளைகளின் பாடசாலை இன்னொரு மூலையில். இவற்றோடு வார இறுதித் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, கோயில், மரக்கறிக் கடை, உறவினர் வீட்டுப் பிறந்தநாள். வந்த புதிதில் வீதி விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்து, எழுத்துச் சோதனையும் ஓட்டச் சோதனையும் தேறி, சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கையில் வாங்கிய நாள் பலருக்கு நினைவிருக்கும். அதன் பின் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. "இந்த வீதியில் கண்ணை மூடிக்கொண்டே ஓடுவேன்" என்று சொல்லக்கூடியவர்கள் இன்று எமது சமூகத்தில் நிறையப் பேர்.

அந்தப் பேச்சில் பெருமையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. புதிதாக ஓட்டப் பழகும் இளையவர்களைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். அது நியாயமான கவலை. படிப்படியாக அனுமதி வழங்கும் முறையை முழுமையாக நடைமுறைப்படுத்திய முதல் நாடு நியூசிலாந்துதான். அது 1987 இல் தொடங்கியது. ஆனால் முழு அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பின்னர் எம்மை யாரும் சோதிப்பதில்லை, திருத்துவதும் இல்லை. எமது கண்ணும் கவனமும் இருபது ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கின்றன என்று நாமாகத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். இக்கட்டுரை அந்தத் தேடலுக்கானது.

இடர் என்பது என்ன?

வீதியில் இடர் என்று சொல்வது விபத்தை அல்ல. இன்னும் சில வினாடிகளில் எமது வேகத்தையோ திசையையோ மாற்ற வைக்கக்கூடிய எதுவும் இடர்தான். நிறுத்தி வைத்த காரின் முன்சில்லு வீதிப் பக்கம் திரும்பியிருப்பது ஓர் இடர். தரிப்பிடத்தில் நிற்கும் பேருந்து இன்னொன்று. அதன் முன்பக்கத்தால் ஒருவர் வீதியைக் கடக்க வரலாம். உருண்டு வரும் பந்தும் இடர்தான், அதன் பின்னால் பிள்ளை வரும் என்பதால். கண்ணுக்குத் தெரியும் பொருளை விட அது சொல்லும் அடுத்த செய்தியே முக்கியம்.

இந்தச் செய்தியை முன்கூட்டியே வாசிக்கும் திறனைத்தான் ஆங்கில நாடுகளின் வீதிப் பாதுகாப்புத் துறைகள் தனித் திறனாகக் கருதுகின்றன. பிரித்தானியாவில் 2002 நவம்பர் முதல் எழுத்துச் சோதனையோடு காணொளி மூலமான இடர் அறியும் சோதனையும் சேர்க்கப்பட்டது. நியூசிலாந்தின் முழு அனுமதிப்பத்திர ஓட்டச் சோதனையிலும், காணும் இடர்களை வாயால் சொல்லி, அதற்கு என்ன செய்கிறோம் என்று விளக்கும் பகுதி இடம்பெற்று வந்தது. அதில் தேறிய பலர், சோதனை முடிந்த அன்றோடு அந்தப் பழக்கத்தையும் முடித்துக்கொண்டார்கள்.

ஏன் முன்கூட்டியே காண வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் நகர்கிறது. ஒன்றைக் கண்டு, புரிந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை வினாடி எடுத்தால், பிரேக் பிடிக்கத் தொடங்கு முன்னரே 21 மீற்றர் போய்விடுகிறோம். மோட்டர்வேயில் 100 கிலோமீற்றர் வேகத்தில் அது 42 மீற்றர் ஆகிறது. எவ்வளவு நல்ல காராக இருந்தாலும், எவ்வளவு கைதேர்ந்த சாரதியாக இருந்தாலும் இந்தத் தூரத்தைத் திரும்பப் பெற முடியாது. முன்னரே கண்டவருக்கு மட்டும்தான் நேரம் இருக்கும்.

அனுபவம் கண்ணுக்குச் செய்வது

அனுபவம் வீண் என்று யாரும் சொல்லவில்லை. புதியவர் காரின் முன்மூக்குக்கு அருகிலேயே பார்ப்பார். அனுபவசாலி தூரத்தைப் பார்ப்பார். புதியவருக்குக் கியரும் பிரேக்கும் கண்ணாடியும் தனித்தனி வேலைகள். அனுபவசாலிக்கு அவை தானாக நடக்கும். அந்தத் தானாக நடக்கும் தன்மையிலேயே சிக்கலும் இருக்கிறது.

எமக்கு அருகிலேயே, ஹமில்டனில் உள்ள வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் சாமுவேல் சார்ல்டன், நிக்கோலா ஸ்டார்க்கி ஆகிய ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஓட்டுதலைப் போலியாக உருவாக்கிக் காட்டும் கருவியில் ஒரே வீதியை வாரக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஓட்ட வைத்தார்கள். நாள் செல்லச் செல்ல ஓட்டம் சீரானது, வேகம் ஒரே அளவில் நின்றது. ஆனால் வீதியோரத்தில் நடந்த மாற்றங்களைப் பலர் கவனிக்கவில்லை. கை நன்றாக ஓட்டிக்கொண்டிருக்க, மனம் வேறெங்கோ போயிருந்தது. 'உணர்வின்றி ஓட்டுதல்' என்ற பொருளில் அவர்கள் தமது ஆய்வுக்குத் தலைப்பும் வைத்தார்கள். வீடு வந்து சேர்ந்த பின், கடைசிச் சமிக்ஞை விளக்கு பச்சையா சிவப்பா என்று நினைவில்லாமல் நிற்கும் அனுபவம் இதுதான்.

நெதர்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வு இதை விடக் கூர்மையானது. ஒரே வீதியைப் பல தடவை ஓட்டிப் பழகியவர்களுக்கு, கடைசியில் ஒரு சந்தியின் முன்னுரிமையை மாற்றி வைத்தார்கள். இதுவரை நேரே போக உரிமை இருந்த இடத்தில் இப்போது வழி விட வேண்டும். பலகையைப் பார்த்தவர்களிலும் பலர் பழையபடியே ஓட்டிச் சென்றார்கள். கண் பலகையில் பட்டது. நினைவு பழைய வீதியைக் காட்டியது.

பார்த்தும் காணாமை

"பார்த்தேன், ஆனால் அவர் அங்கே இல்லை." சந்திகளில் மோட்டார் சைக்கிளையோ சைக்கிளையோ மோதியவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்வதில்லை. எமது கண்ணின் நடுப்பகுதி மட்டும்தான் கூர்மையாகக் காணும். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் அளவுதான் அந்தக் கூர்மையான பகுதி. மற்றதெல்லாம் மங்கல், மூளை அதை ஊகித்து நிரப்புகிறது. தலையை விரைவாகத் திருப்பும்போது கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவுகிறது. தாவும் நேரத்தில் எதுவும் பதிவாவதில்லை.

கண் எங்கே தங்க வேண்டும் என்பதை அனுபவம் தீர்மானிக்கிறது. டென்மார்க்கில் சுற்றுவட்டங்களில் சைக்கிள்காரர்களைக் கண்டுகொள்ளாத சாரதிகளை ஆராய்ந்தவர்கள் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். நீண்டகாலம் ஓட்டியவரின் கண், கார்கள் வழமையாக வரும் இடத்தையே தேடிப் போகிறது. சைக்கிள் வருவது அதற்குச் சற்று விலகிய ஓரத்தில். கார் இல்லை என்று தெரிந்தவுடன் "வீதி வெறுமை" என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது.

இதற்கு மேல், காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் இருக்கிறது. இன்றைய கார்களில் அது தடித்தது. நாம் சுற்றுவட்டத்தை நெருங்கும் வேகமும் மறுபக்கத்தால் வருபவரின் வேகமும் ஒத்துப்போனால், ஒரு மோட்டார் சைக்கிள் முழுவதும் பல வினாடிகள் அந்தத் தூணுக்குள் மறைந்தே வரக்கூடும். உடலைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது மட்டுமே இதற்கு மருந்து.

ஊரில் வாகனம் ஓட்டியவர்களுக்கு ஒன்று புரியும். யாழ்ப்பாண வீதிகளில் மாடு, ஆட்டோ, சைக்கிளில் மூன்று பேர், திடீரென ஒழுங்கையால் வெளிவரும் உழவு இயந்திரம் என எதுவும் எப்போதும் வரலாம் என்றே ஓட்டினோம். எதிர்பார்ப்பே விழிப்பாக இருந்தது. ஒக்லாந்து வீதிகள் ஒழுங்கானவை. கோடு இருக்கிறது, பலகை இருக்கிறது, எல்லோரும் விதிப்படி வருவார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை பத்தாயிரம் தடவை சரியாக இருக்கும். அதனாலேயே அது பிழைக்கும் ஒரு தடவைக்கு நாம் ஆயத்தமாக இருப்பதில்லை.

நாம் நல்ல சாரதிகள்தானா?

1981 இல் சுவீடனைச் சேர்ந்த ஓலா ஸ்வென்சன் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஓட்டும் திறன் எங்கே நிற்கிறது என்று கேட்டபோது, அமெரிக்கக் குழுவில் 93 சதவீதத்தினரும் சுவீடன் குழுவில் 69 சதவீதத்தினரும் தங்களை நடுநிலைக்கு மேலே வைத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் நடுநிலைக்கு மேலே இருக்க முடியாது என்பது சாதாரண கணக்கு.

இதில் ஒரு பொறி உண்டு. காணாமல் விட்ட இடர் எமக்குத் தெரிய வராது. மயிரிழையில் தப்பிய மோட்டார் சைக்கிள்காரர் திட்டிக்கொண்டு போயிருப்பார். நாம் வானொலி கேட்டுக்கொண்டு போயிருப்போம். ஆகவே "இருபது வருடமாக ஒரு கீறல்கூட இல்லை" என்பது திறமையின் சான்றாகவும் இருக்கலாம், மற்றவர்கள் பிரேக் பிடித்ததன் பலனாகவும் இருக்கலாம். உள்ளிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

மாறிக்கொண்டிருக்கும் நகரம்

பழகிய வீதி பழகியபடியே இருப்பதில்லை என்பதற்கு ஒக்லாந்தை விட நல்ல எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

2012 மார்ச் 25 ஞாயிறு அதிகாலை நியூசிலாந்து முழுவதும் வழிவிடும் விதி மாறியது. 1977 முதல் இடப்பக்கம் திரும்புபவர், எதிரே வந்து வலப்பக்கம் திரும்புபவருக்கு வழி விட வேண்டியிருந்தது. அன்று முதல் வலப்பக்கம் திரும்புபவரே வழி விட வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கத்தை ஒரே இரவில் நாடே மறக்க வேண்டியிருந்தது. விதி மாறும் நாளை நாடெங்கும் விளம்பரம் செய்ததால் எல்லோரும் விழித்திருந்தார்கள். விளம்பரம் இல்லாமல் மாறுபவைதான் எம்மை ஏமாற்றும்.

வேக எல்லைகளைப் பாருங்கள். 2020 முதல் ஒக்லாந்தின் பல வீதிகளில் வேகம் குறைக்கப்பட்டது. பின்னர் 2024 இல் வந்த புதிய விதியின் கீழ், அவ்வாறு குறைக்கப்பட்டவற்றில் பல 2025 ஜூலை 1 க்குள் மீண்டும் உயர்த்தப்பட்டன. பாடசாலைகளுக்கு முன்னால் பிள்ளைகள் வந்து போகும் நேரத்தில் மட்டும் குறைந்த வேகம், பெரும்பாலும் 30 கிலோமீற்றர், என்ற முறை பரவலாகிறது. ஒரே வீதியில் காலை எட்டரைக்கு ஒரு வேகமும் பத்து மணிக்கு வேறு வேகமும் இருக்கும். நினைவை நம்பி ஓட்டுபவருக்கு இந்த நகரம் பொருந்தாது. பலகையைத்தான் ஒவ்வொரு நாளும் வாசிக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றவோ இறக்கவோ நிற்கும் பாடசாலைப் பேருந்தை எந்தத் திசையில் கடந்தாலும் 20 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்ற விதியையும் பலர் மறந்துவிடுகிறோம்.

துறைமுகப் பாலம் இன்னோர் எடுத்துக்காட்டு. அதன் நடுவிலுள்ள தடுப்பு 1990 முதல் நகர்த்தக்கூடியது. காலையும் மாலையும் நெரிசலுக்கு ஏற்ப, எட்டுத் தடங்களில் ஐந்து ஒரு திசைக்கும் மூன்று மறு திசைக்கும் மாறும். நேற்று நாம் போன தடம் இன்று எதிர்த்திசைக்குரியதாக இருக்கலாம். 2017 இல் திறக்கப்பட்ட வோட்டர்வியூ சுரங்கத்துக்குள் வெயிலிலிருந்து நுழையும்போது கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் தேவை. அந்த நேரத்தில்தான் முன்னால் போவோர் வேகத்தைக் குறைப்பார்கள்.

காலநிலையும் கடிகாரமும் உண்டு. ஹெண்டர்சன், டி அட்டாட்டு பக்கமிருந்து வடமேற்கு மோட்டர்வேயில் நகரத்துக்கு வருபவருக்குக் காலையில் சூரியன் முகத்துக்கு நேரே. மாலையில் திரும்பும்போதும் முகத்துக்கு நேரே. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் தாழ்ந்து நிற்கும் அந்த வெயிலில் பிரேக் விளக்கே தெரியாது. அழுக்கான முன்கண்ணாடி அதை இரட்டிப்பாக்கும். ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்போது, முதல் நாள் வரை வெளிச்சத்தில் வீடு திரும்பியவர்கள் திடீரென இருளில் திரும்புகிறார்கள். கறுப்பு உடையில் வீதியைக் கடப்பவருக்கு நாம் அவரைக் காணவில்லை என்பது தெரியாது.

2023 ஜனவரி 27 இல் பெய்த மழை இந்தப் பாடத்தின் உச்சம். அன்று தினமும் போகும் வீதிகள் ஆறாக மாறின. பல கார்கள் நீரில் அகப்பட்டன. வீதியை நன்றாகத் தெரியும் என்பதால் நீருக்குள் இறங்குவது அறிவல்ல. நீரின் அடியில் வீதி இன்னும் இருக்கிறதா என்பதே தெரியாது.

ஊருக்கு எடுக்கும் அழைப்பு

எமது சமூகத்துக்கே உரிய ஓர் இடர் உண்டு. குளிர்காலத்தில் ஒக்லாந்தில் மாலை ஐந்தரை மணி என்றால் யாழ்ப்பாணத்தில் காலை பதினொரு மணி. கோடையில் பத்து மணி. வேலை முடிந்து வீடு திரும்பும் அந்த ஒரு மணி நேரம்தான் அம்மாவோடு பேச வாய்ப்பான நேரம். கைத்தொலைபேசியைத் தாங்கியில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டு வருகிறோம்.

ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் பிடித்துப் பாவிப்பது 2009 நவம்பர் 1 முதல் இங்கே குற்றம். 2021 முதல் அபராதம் 150 டொலர், அதோடு 20 குறைப்புப் புள்ளிகள். இரண்டு ஆண்டுகளுக்குள் 100 புள்ளிகள் சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். கையில் பிடிக்காமல் பேசுவது குற்றமல்ல. ஆனால் சட்டம் அனுமதிப்பதும் பாதுகாப்பானதும் ஒன்றல்ல. கனடாவின் ரொறன்ரோவில் நடத்தப்பட்டு 1997 இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, தொலைபேசி அழைப்பின்போது விபத்து ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடிக்காமல் பேசுவது அதை விடப் பாதுகாப்பானது என்று காட்ட முடியவில்லை என்றும் கண்டது.

காரணம் கை அல்ல, மனம். பக்கத்தில் இருப்பவரோடு பேசும்போது, முன்னால் நெரிசல் வந்தால் அவரும் பேச்சை நிறுத்துவார். அவரும் வீதியைப் பார்க்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு எமது வீதி தெரியாது. அப்பாவின் வைத்தியசாலைக் கதையை அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் கதையைக் கேட்கும் மனம் யாழ்ப்பாணத்தில் இருக்கும். கார் மட்டும் ஒக்லாந்தில் இருக்கும். வேலைத்தலத்தின் தரிப்பிடத்திலேயே காரை நிறுத்தி வைத்துப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் புறப்படுங்கள். "அம்மா, இனி ஓடப் போறன், வீட்ட போய் எடுக்கிறன்" என்று சொல்லப் பழகினால் அவர்களும் பழகிக்கொள்வார்கள்.

நித்திரை விழித்தவரின் கண்

இரவு வேலை, இரட்டை வேலை, வாடகைக்கார் ஓட்டம் எமக்குப் புதிதல்ல. 1997 இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்றின்படி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயற்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. நியூசிலாந்தில் 20 வயதுக்கு மேற்பட்ட சாரதிகளுக்கு 2014 டிசம்பர் முதல் உள்ள எல்லையும் அதுதான். மதுவைத் தொடாதவரும், காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்கு ஓட்டினால் அந்த எல்லையில்தான் நிற்கிறார்.

பயணிகளை ஏற்றுபவருக்கும் கனரக வாகனம் ஓட்டுபவருக்கும் சட்டமே ஓய்வை வகுத்திருக்கிறது. பொதுவாக ஐந்தரை மணி நேர வேலைக்குப் பின் அரை மணி நேர ஓய்வு, 24 மணி நேரத்தில் 13 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, 70 மணி நேரம் சேர்ந்தால் 24 மணி நேர ஓய்வு. சொந்தக் காரில் போகும் எமக்கு அப்படி எந்தப் பதிவேடும் இல்லை. ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் நித்திரையைத் தள்ளிப்போடுவதில்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வதே பயன் தரும்.

மிக நெருங்கிய இடம்

எல்லாவற்றிலும் பழகிய வீதி எமது வீட்டு வாசல். இந்நாட்டில் சிறு குழந்தைகள் வீட்டு வாசலில் பின்னோக்கி வரும் வாகனத்தில் அகப்படுவது நீண்டகாலத் துயரம். சேஃப்கிட்ஸ் அயோத்தியரோவா அமைப்பு இதைப் பற்றி எச்சரித்து வந்திருக்கிறது. பெரும்பாலும் காரை ஓட்டியவர் வீட்டாராகவோ உறவினராகவோ இருக்கிறார். பிறந்தநாள் நாளில் பத்துக் கார்கள் நிற்கும். பெரியவர்கள் வாசலில் விடைபெற்றுக்கொண்டிருப்பார்கள். பிள்ளை மாமாவுக்குக் கை காட்ட ஓடி வரும். பின்பக்கக் கமெராவும் எல்லாவற்றையும் காட்டாது. காரில் ஏறுமுன் ஒரு சுற்று நடந்து பார்ப்பதும், பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று கேட்டு விடை பெற்ற பின்னரே காரை எடுப்பதும் ஒரு நிமிட வேலை.

வாயால் சொல்லி ஓட்டுதல்

இனி, என்ன செய்யலாம்? பிரித்தானியப் பொலிஸ் சாரதிகளுக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் முறை ஒன்று உண்டு: காண்பதை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டுதல். வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் றொபர்ட் ஐஸ்லரும் அவரது குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், காணொளியைப் பார்த்து இடர்களை வாயால் சொல்லிப் பயின்ற இளம் சாரதிகள், இடர் காண்பதில் அனுபவசாலிகளின் நிலையை எட்டினார்கள். இது இளையவர்களுக்கு மட்டுமான பயிற்சி அல்ல. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மார்க் ஹோர்ஸ்வில் குழுவினர், நிபுணர் ஒருவரின் விளக்கத்தோடு கூடிய காணொளிப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தபோது, நீண்ட அனுபவமுள்ள சாரதிகளும் குறுகிய பயிற்சியிலேயே முன்னேறினார்கள். முதியவர்களிடம் அந்த முன்னேற்றம் மாதங்கள் கடந்தும் நிலைத்தது.

இதைச் செய்யக் காசும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை.

முதலில், வாரத்தில் இரண்டு நாள், தினமும் போகும் பாதையில் ஐந்து நிமிடம் போதும். வானொலியை நிறுத்துங்கள். காண்பது, அது என்ன செய்யலாம், நான் என்ன செய்கிறேன் என்று மூன்று துண்டாகச் சொல்லுங்கள். "பேருந்து நிக்குது, முன்னால ஆள் வரலாம், வேகத்தைக் குறைக்கிறன்." "வலப்பக்கக் காரின் பிரேக் விளக்கு எரியுது, வெளியே வரலாம், இடைவெளி விடுறன்." தமிழிலேயே சொல்லுங்கள். மனம் எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் சொல்வதுதான் இலகு. சொல்ல முடியாத அளவுக்கு நெரிசல் வந்தால் பேச்சை விட்டு ஓட்டத்தைக் கவனியுங்கள். அதோடு வேகத்தையும் குறையுங்கள்.

இரண்டாவது, தெரியாததையும் சொல்லுங்கள். "அந்த வளைவுக்குப் பின்னால் என்ன என்று தெரியவில்லை." "லொறிக்கு முன்னால் என்ன என்று தெரியவில்லை." காணாத இடத்தைக் காணாத இடம் என்று அறிவதே பாதி விழிப்பு.

மூன்றாவது, கண்ணைத் தூரத்துக்கு அனுப்புங்கள். 12 வினாடியில் நாம் போய்ச் சேரப்போகும் இடம் நகர வீதியில் ஏறத்தாழ 170 மீற்றர் தொலைவில், மோட்டர்வேயில் 330 மீற்றருக்கு மேல். அங்கே பார்த்து, கண்ணாடிகளைப் பார்த்து, அருகில் பார்த்து, மீண்டும் தூரத்துக்குப் போக வேண்டும்.

நான்காவது, சந்தியில் பெயர் சொல்லித் தேடுங்கள். "கார் வருகிறதா" என்று மட்டும் தேடினால் கண் காரைத்தான் காணும். "சைக்கிள், மோட்டார் சைக்கிள், நடப்பவர்" என்று மனதுக்குள் சொல்லி, தலையை நிறுத்தி நிறுத்தி இரு பக்கமும் இரண்டு தடவை பாருங்கள்.

ஐந்தாவது, இடைவெளி. முன்னால் போகும் காருக்கும் எமக்கும் இரண்டு வினாடி. மழையில் நான்கு வினாடி. யாராவது அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் கோபப்படாமல் மீண்டும் பின்வாங்குங்கள். சைக்கிளைக் கடக்கும்போது ஒன்றரை மீற்றர் விடச் சொல்லி வீதி விதி நூல் பரிந்துரைக்கிறது.

வயதும் சட்டமும்

வீட்டில் பெரியவர்கள் ஓட்டுகிறார்கள் என்றால், 75 வயதிலும் 80 வயதிலும், அதன் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஏஜ் கன்சர்ன் அமைப்பு முதிய சாரதிகளுக்கு நடத்தும் நினைவூட்டல் வகுப்பு உண்டு. அது சோதனை அல்ல. "அப்பா, உங்களுக்கு இனி ஏலாது" என்று சொல்வதை விட, "வாங்கோ அப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து போவம்" என்று அழைத்துச் செல்வது எமது வீடுகளில் எடுபடும்.

ஒரு கணத் தவறின் விலையையும் தெரிந்துகொள்வது நல்லது. காயமடைந்தவரின் சிகிச்சைச் செலவை 1974 முதல் இயங்கும் விபத்து இழப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் கவனக்குறைவாக ஓட்டி ஒருவருக்குக் காயமோ மரணமோ விளைவித்தால் அது குற்ற வழக்கு: 3 மாதம் வரை சிறை அல்லது 4,500 டொலர் வரை அபராதம், அதோடு ஆகக்குறைந்தது 6 மாத ஓட்டுத் தடை. வேண்டுமென்றே செய்யவில்லை என்பது விடையாகாது. தண்டனையை விட, ஒருவரின் உயிருக்குக் காரணமாகிய நினைவு நீண்டது. யுத்தத்திலும் கடல் பயணத்திலும் தப்பி வந்த குடும்பங்களுக்கு ஓர் உயிரின் பெறுமதியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிள்ளைக்குப் பழக்கும்போது

இந்நாட்டில் 16 வயதில் பிள்ளை பழகுநர் அனுமதி பெறலாம். பக்கத்தில் உட்காருபவர் ஆகக்குறைந்தது இரண்டு ஆண்டுகள் முழு அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவராக இருக்க வேண்டும். பிள்ளை தனியே ஓட்டுமுன் 120 மணி நேரப் பயிற்சி பெறுவது நல்லது என்று பரிந்துரைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த 120 மணி நேரமும் அம்மாவோ அப்பாவோதான் பக்கத்தில்.

அந்த நேரத்தை இருவருக்கும் பயனாக்கலாம். பிள்ளை ஓட்டும்போது பிள்ளை சொல்லட்டும். நாம் ஓட்டும்போது நாம் சொல்வோம், பிள்ளை நாம் விட்டதைப் பிடிக்கட்டும். "அப்பா, இடப்பக்கச் சைக்கிளை நீங்கள் சொல்லேல்லை" என்று பிள்ளை சொன்னால் கோபம் வரக்கூடாது. அந்தச் சைக்கிளை நாம் கண்டும் சொல்லாமல் விட்டோமா, காணவே இல்லையா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.